பதின்மூன்று அடி நான்கு அங்குலம்

இஸ்பேடு ராணி மேசைமேல் விழுந்த மறு நொடி, வெர்லின் வாயிலிருந்த காபியைத் துப்பாத குறையாகச் சிரித்தான்.

"மொட்டை ஓக்! குள்ளிக்கு மொட்டை ஓக் விழுந்திருச்சு! யாராவது தீயணைப்பு வண்டிக்கு போன் போடுங்கப்பா, ஏணி வேணும்!"

மார்லிஸ் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். ராணியேதான். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ஏழு வருடமாக இந்தச் சீட்டுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

விஸ்கான்சின் மலைச்சரிவில் டோலஃப்சன் குடும்பத்தின் வில்வேட்டைக் குடில் அது. நவம்பர் முதல் சனிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும் சீட்டு எடுப்பார்கள். சீட்டுக்கு ஒரு மரம். எடுத்தவருக்கு அந்த மரம் அன்றைய பிற்பகலுக்கு மட்டும் சொந்தம். சுவரில் ஒரு பழைய வரைபடம் தொங்கும். எந்த மரத்திலிருந்து யார் முதலில் மானை வீழ்த்துகிறாரோ, அந்த மரத்துக்கு அவர் பெயர். பக்கத்திலேயே அவர் கால் நின்ற உயரம், அடிக்கணக்கில்.

பதினான்கு மரங்களுக்குப் பெயர் விழுந்தாகிவிட்டது. அதில் ஒன்பது, மார்லிஸின் கணவன் கர்ட்டுக்கு அண்ணனான இந்த வெர்லின் பெயர். மார்லிஸும் மான் அடித்திருக்கிறாள், ஆறு. எல்லாம் அடுத்தவன் பெயர் போட்ட மரத்திலிருந்து.

பெயரில்லாமல் மிச்சம் இருந்தது ஒரே மரம். மொட்டை ஓக்.

"இன்னிக்கு ஒரு நாள் வேடிக்கை பாரு," என்றான் வெர்லின். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சீட்டு கிடையாது. யாருக்கு நிறைய மரமோ அவனுக்கு முதல் தேர்வு. புதுசா அஞ்சு ஏறுகம்பு வாங்கி வச்சிருக்கேன். இருபத்திரண்டு அடி!"

அதாவது, இன்று பொழுது சாய்வதற்குள் அடித்தால் அந்த மரம் மார்லிஸுக்கு. இல்லாவிட்டால் நாளை வெர்லினுக்கு. அப்புறம் இந்தச் சுவரில் அவள் பெயருக்கு இடமே கிடையாது.

"உன்கிட்ட எத்தனை கம்பு?" வெர்லின் விடவில்லை.

"மூணு."

"நானே ஒண்ணு கடன் தர்றேன். ஆனா மரத்துக்கு என் பேரு."

"உன் கம்பை நீயே வச்சுக்க. பல் குத்த ஆகும்."

அடுப்படியில் மதியத்துக்கு உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்த கர்ட், முதுகு குலுங்கச் சிரித்தான்.

வரைபடத்துக்குக் காவலர் கர்ட்டின் சித்தப்பா லோவெல். எழுபது வயது, பேனா அவர் சட்டைப் பையை விட்டு இறங்காது. அவர் மட்டும் மார்லிஸின் முதுகுப்பையிலிருந்து எட்டிப் பார்த்த ஆரஞ்சு நாடாவைக் கவனித்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"தொங்குபடி, சித்தப்பா. நானே தச்சது."

*

பிற்பகல் ஒன்றேகால். மார்லிஸ் ஓடையைத் தாண்டி, பூட்ஸில் சேறோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். முதுகில் பதினெட்டு பவுண்டு. அரசாங்கக் காடு, காலையில் கட்டியதைச் சாயங்காலம் கழற்றிக்கொண்டு போக வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, எதையும் விட்டுவைக்கக் கூடாது. கூட ஒரு கம்பு என்றால் கூட ஒரு கனம். நாற்பத்தொன்பது வயது முழங்காலுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

மொட்டை ஓக் நின்ற இடமே வில்லங்கம். மரம் சரிவில் நிற்கிறது. மான் போகும் பாதை, மரத்துக்கு மேல்பக்கம், பதினேழு கெஜம் தள்ளி ஒரு திட்டில். அந்தத் திட்டு மரத்தின் அடியை விடப் பத்தடி உயரம். மரத்தில் பதின்மூன்று அடி ஏறி நின்றால், கொம்பன் மான் வந்து முகத்துக்கு முகம் பார்த்து நலம் விசாரிக்கும். வெர்லின் இரண்டு வருடம் அப்படித்தான் ஏமாந்தான். இருபதடியாவது வேண்டும். முப்பத்தைந்து அடி வரை ஒரு கிளை கிடையாது. பெயரே அதனால்தான்.

ஏறுகம்பு என்பது முழங்கால் உயர அலுமினியத் துண்டு. மேலே ஒரு ஜோடிப் படி, கீழே ஒரு ஜோடிப் படி. நாடா போட்டு மரத்தில் இறுக்கினால் நிற்கும். மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினால் மார்லிஸின் கால் நீளத்துக்குப் பன்னிரண்டு அடி வரும். இடைவெளி விட்டுக் கட்டினால் உயரம் கூடும். ஆனால் அடுத்த படிக்குக் கால் எட்டாது. அந்த இடைவெளியில்தான் தொங்குபடி. கம்பின் அடியிலிருந்து நாடாவில் தொங்கும் கால் வளையம்.

கடையில் விற்கிற வளையங்கள் ஒரே நீளம். ஆறடி ஆளுக்கு அளவெடுத்தவை. மார்லிஸ் அதில் கால் வைத்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. மூன்று வருடம் இடிபட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது: நான் ஏன் அடுத்தவன் காலுக்கு ஏற வேண்டும்?

படகு உறைகளும் லாரிப் படுதாக்களும் தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் ஊசியோடு கிடப்பவள் அவள். நாடா அவளுக்குத் தெரியாத சங்கதியா? ஒரே நாடா, அதில் ஒரு கால் வளையம், மேல்முனையில் கம்பில் மாட்டக் கொக்கி, நடுவில் பல் வைத்த பக்கிள். நாடாவின் வாலை இழுத்தால் குட்டையாகும். பக்கிளைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீளும். எடை ஏறினால் நகரவே நகராது. வளையத்தின் வாய்க்குள் கெட்டிக் குழாய் வைத்துத் தைத்திருந்தாள், பூட்ஸ் தானாக நுழையும்படி. கார் ஷெட்டு உத்தரத்தில் மாட்டி, கர்ட்டை அதில் ஏற்றி, "குதி" என்றாள். இருநூற்று நாற்பது பவுண்டு கர்ட் குதித்தான். உத்தரம்தான் முனகியது.

இரண்டு மணிக்கு மரத்தடி. இழுகயிற்றின் ஒரு நுனியில் வில்லைக் கட்டித் தரையில் வைத்தாள். மறுநுனியை இடுப்பில் மாட்டினாள். மேலே போன பிறகு வில்லைத் தூக்க அதுதான் வழி. மரத்தைச் சுற்றிய பாதுகாப்புக் கயிறு இடுப்பில். எப்போதும் போலப் பாதைக்கு மறைவான பக்கத்தில் ஏறினாள்.

முதல் கம்பு. தொங்குபடி, அரை நீளம். கால், மூச்சு, மேலே. அங்கே நின்றபடி தொங்குபடியைக் கழற்றி இரண்டாம் கம்பில் மாட்டினாள். மரம் இந்த இடத்தில் புடைத்திருந்தது. நாடாவை ஒரு சாண் கூட்ட வேண்டியிருந்தது. இழுகயிறு கைக்குக் குறுக்கே வந்து வழிமறித்தது. கழற்றி, கைக்கு எட்டிய படியில் மாட்டிவிட்டு, பக்கிளைச் சரிசெய்தாள். கால், மூச்சு, மேலே. மூன்றாம் கம்பு. கடைசியாக, தட்டு அகல மிதிபலகை.

அளவுநாடாவைத் தொங்கவிட்டாள். இருபதடி ஓரங்குலம்!

மூன்றே கம்பில். ஐந்தடி ஓரங்குல உயரப் பெண்ணொருத்தி. மேலே நின்று அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தபோது, மார்லிஸுக்குக் கூவ வேண்டும் போல இருந்தது. வேட்டையில் கூவக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

*

மூன்று ஐம்பது. காற்று மெல்லக் கீழ்நோக்கித் திரும்பியது; அவள் வாடை இப்போது திட்டுக்கு ஏறாது, மான் வரும் நேரம். இனி வில்லைத் தூக்கலாம்.

இடுப்பில் கை போனது. கயிறு இல்லை.

வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் தடவினாள். பிறகு குனிந்து பார்த்தாள். எட்டடிக்குக் கீழே, இரண்டாம் கம்பின் மேல்படியில், கயிற்றின் கொக்கி சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே, இலைகளின்மேல், அவள் வில்.

"அடிப் பாவி மார்லிஸ்!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இந்தக் காட்டில் வேட்டைக்காரனுக்கு இதைவிடக் கேவலம் இல்லை. இருபதடி ஏறி, வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது! குடிலில் இதற்கென்றே 'மறதிப் பலகை' உண்டு. வில்லை மறந்தவன் பெயர் அதில் ஏறும். ஒரு வாரத்துக்குச் சட்டி கழுவ வேண்டும்.

சரக்.

திட்டின் கோடியில் காய்ந்த இலை நொறுங்கியது. அணில் துள்ளித் துள்ளி வரும். இது நடந்து வந்தது. கனமான நடை. நாலடி வைத்து நிற்கும், மறுபடி நாலடி.

ஐம்பது கெஜத்தில் புதருக்கு மேல் கொம்பு மட்டும் தெரிந்தது. அதன் முனைகளை எண்ணவில்லை.

யோசிக்க நேரமில்லை. மிதிபலகையை விட்டு மூன்றாம் கம்புக்கு இறங்கி, பாதுகாப்புக் கயிற்றைக் கீழே தள்ளினாள். தொங்குபடியைக் கம்பின் அடிப்படியில் மாட்டி, பக்கிளை அழுத்தினாள். நாடா சத்தமில்லாமல் வழுக்கியது. முழு நீளம். உலோகம் உரசவில்லை; அதற்காகத்தான் கொக்கிக்குத் துணி சுற்றித் தைத்திருந்தாள். இடது கால் வளையத்துக்குள். இறக்கினாள், இறக்கினாள்... கை நீட்டினாள்.

கயிறு கிடைத்தது.

கொக்கியை இடுப்பில் மாட்டிவிட்டு, சாண் சாணாக வில்லை இழுத்தாள். வில் வந்தது. அம்பைப் பூட்டினாள்.

மேலே ஏற முடியுமா? இப்போது கொம்பன் முப்பது கெஜத்தில். உலோகப்படியில் ஒரு பூட்ஸ் ஓசை போதும், மான் அடுத்த மாவட்டத்தில் நிற்கும். நிற்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டியதுதான். ஆனால் நிற்கிற இடத்திலிருந்து தெரிந்தது கொம்பும் காதும் மட்டும். திட்டின் விளிம்பில் முள்ளுப் புதர். நெஞ்சு அதற்குப் பின்னால்.

வேண்டியது இரண்டடி. இரண்டே இரண்டடி.

மார்லிஸ் வலது காலை இரண்டாம் கம்பின் மேல்படியில் ஊன்றி, எடையை அதற்கு மாற்றினாள். இடது கால் வளையம் தளர்ந்தது. நாடாவின் வாலைப் பிடித்து இழுத்தாள். பல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. ஒரு சாண், இரண்டு, மூன்று. போதுமா? புதரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், தன் தொடையைப் பார்த்தாள். தையற்காரியின் கண் அது, அளவு பிசகாது. விட்டாள். வளையத்தில் மிதித்து, மரத்தோடு மரமாக எழுந்தாள்.

புதருக்கு மேல் நெஞ்சு தெரிந்தது. ஒரு கையகலம்.

பதின்மூன்றடியில் அவள் முகமும் அதன் முகமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். வெர்லினைக் காட்டிக்கொடுத்தது இந்த உயரம்தான். ஆனால் வெர்லின் மிதிபலகையில், மரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றான். இவளோ நாடாவில், ஓக்கின் அகன்ற முதுகுக்குப் பின்னால், மரப்பட்டையில் கன்னம் பதிய ஒட்டிக்கொண்டிருந்தாள். கொம்பன் மரத்தைப் பார்த்தது. மரத்தைத்தான் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

பாதுகாப்புக் கயிற்றில் சாய்ந்தாள். வலது காலை மரத்தில் உதைத்து, இடப்பக்கமாகச் சுழன்றாள். நாடா கூடவே திரும்பியது, தாதி போல. நாணை இழுத்தாள். மூச்சை நிறுத்தினாள்.

விட்டாள்.

*

கர்ட்டும் வெர்லினும் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மான் அறுபது கெஜம் ஓடி, ஓடைக்கரையில் விழுந்திருந்தது. பத்து முனைக் கொம்பு.

"மார்லி!" கர்ட் அவளைத் தரையிலிருந்து தூக்கியே விட்டான். "அடிச்சுட்டியே! மொட்டை ஓக்குல!"

"இறக்கு, விலா வலிக்குது."

வெர்லின் மானின் பக்கத்தில் முட்டி போட்டு, அம்பு நுழைந்த துளையைப் பார்த்தான். புரட்டி, வெளியேறிய துளையைப் பார்த்தான். விரல் வைத்து அளந்தான். எழுந்தபோது அவன் முகத்தில் கேலி இல்லை.

"மார்லிஸ், நல்ல மான். ஆனா ஒண்ணு கேக்கணும். ரெண்டு துளையும் ஒரே மட்டம். இருபதடியிலேருந்து போட்டா அம்பு சரிஞ்சு கீழல்ல இறங்கியிருக்கணும்?"

"ஆமா."

"அப்ப நீ மேலேயிருந்து போடல. பாதை ஓரமா தரையில நின்னு போட்டிருக்க. தரையில நின்னு அடிச்சா மரத்துக்குப் பேரு கிடையாது. இது நான் போட்ட சட்டம் இல்ல, எங்க தாத்தா போட்டது."

"டேய் அண்ணா!" கர்ட் முன்னால் வந்தான்.

"நீ சும்மா இரு, கர்ட்." மார்லிஸ் கையமர்த்தினாள். "கேக்கறது நியாயம்தான். வா, வெர்லின். மரத்துக்கு வா."

நடந்தபடியே அவள் யோசித்தாள். வழி ஒன்றுதான் இருந்தது. மேலே தொங்கும் நாடாவைக் காட்ட வேண்டும். நாடா ஏன் அங்கே தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மறதிப் பலகையும் சட்டியும் நிச்சயம். வெர்லின் வாய்க்கு அடுத்த பத்து வருடத்துக்குத் தீனி. மழுப்பலாம்தான். மழுப்பி வாங்கின பெயரை அந்தச் சுவரில் தினமும் எவள் பார்ப்பாள்?

மரத்தடியில் நின்று, விரலை நீட்டினாள்.

"அந்த ஆரஞ்சு வளையம் தெரியுதா? அதுல நின்னு போட்டேன். ஒத்தக் கால்ல. அதை அப்படியே விட்டுட்டுக் கயித்தைப் பிடிச்சு இறங்கினேன்."

வெர்லின் அண்ணாந்து பார்த்தான். வளையத்தின் வாயில் ஓடைச்சேறு அப்பியிருந்தது. மரப்பட்டையில் இடப்பக்கமாக, பூட்ஸ் உதைத்துச் சுழன்ற புதுத் தழும்பு.

"மேல பலகை இருக்கே. அங்க நிக்காம, நடுவழியில தொங்கிக்கிட்டு என்ன பண்ணின?"

"வில்லைக் கீழயே விட்டுட்டு ஏறிட்டேன்."

வெர்லின் அவளைப் பார்த்தான், மரத்தடி இலைகளைப் பார்த்தான்.

பிறகு வெர்லின் வெடித்தான். தொடையைத் தட்டி, மரத்தைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "வில்லையா! ஐயோ கர்த்தரே! இவ்வளவு கம்பு, இவ்வளவு நாடா, தையல் மெஷின் வேற... கடைசியில வில்லைக் காணோம்!"

"மறதிப் பலகையில உன் பேரு நாலு தடவை இருக்கு, ஞாபகம் வச்சுக்க," என்றாள் மார்லிஸ். "நாலு தடவையும் நீ மானைப் பார்த்து டாட்டாதான் காட்டின. நான் இறங்கி வந்து, வில்லை எடுத்து, அடிச்சேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. வெர்லின் மறுபடி அண்ணாந்து பார்த்தான். இந்தத் தடவை நெடுநேரம் பார்த்தான். தன் சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, கம்புகளில் ஏறி, அந்த வளையத்திலிருந்து தரைக்குத் தொங்கவிட்டான். கீழே கர்ட் படித்தான்.

"பதின்மூணு அடி... நாலு அங்குலம்."

வெர்லினுக்கு அந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே மரத்தில், அதே உயரத்தில், இரண்டு வருடம் கொம்பன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"நின்னது மரத்துலதான்," என்றான். "நானே சித்தப்பாகிட்ட சொல்றேன்."

*

குடிலில் வெங்காயத்தோடு மான் ஈரல் வதங்கும் மணம். லோவெல் பேனாவைத் திறந்து, வரைபடத்தின் முன்னால் நின்றார். எல்லாக் கதையும் கேட்டாகிவிட்டது. சாட்சி சொன்னவன் வெர்லின். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. வில்லை மறந்த பகுதியை மட்டும் மூன்று தடவை சொன்னான்.

"மார்லிஸ்," என்று எழுதினார் லோவெல். கையை நிறுத்தினார். "உயரம் என்னம்மா போடறது? பலகை இருபதடியில இருந்துச்சுன்னு வெர்லினே சொல்றான். மூணு கம்புல இருபதடி இங்க எவனும் ஏறினதில்ல. இருபதுன்னே போடட்டுமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இருபது நல்ல எண். சுவருக்கு எடுப்பாக இருக்கும்.

"வேண்டாம், சித்தப்பா. கால் எங்க நின்னுச்சோ அதைப் போடுங்க. அங்குலத்தோட."

வரைபடத்திலேயே மிகக் குட்டையான எண் அது. லோவெல் அதைக் கொட்டை எழுத்தில் எழுதினார். பிறகு எதிர்ச்சுவருக்குப் போய், மறதிப் பலகையில், வெர்லினின் நாலாவது பெயருக்குக் கீழே, அதே பேனாவால் இன்னொரு தடவை "மார்லிஸ்" என்று எழுதினார்.

அவள் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டிப் பக்கம் நடந்தாள். ஒரு வாரச் சட்டிகளில் முதல் சட்டி காத்திருந்தது.

பின்னாலேயே வெர்லின் வந்து நின்றான். கையில் அவளுடைய ஆரஞ்சு தொங்குபடி. பக்கிளை அழுத்துவதும் இழுப்பதுமாக இருந்தான்.

"இது... ஆறடி மூணு அங்குலத்துக்கும் தைக்க முடியுமா?"

மார்லிஸ் திரும்பவில்லை. ஈரக் கையால் ஒரு துணியை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"கழுவினதைத் துடைச்சுக்கிட்டே கால் அளவு சொல்லு."